மதுரையில் வேகமாக வளரும் நிறுவனத்துக்கு எது முதலில் தட்டுப்பாடாகும்?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் வைத்துவிடுகிறேன். திருமங்கலத்துக்கு அருகே குதிரைவாலி, சாமை, கம்பு ஆகியவற்றிலிருந்து தோசை மாவுக் கலவையும் சேமியாவும் தயாரிக்கிறீர்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் 11 பேர் வேலை பார்த்த இடத்தில் இன்று 34 பேர். மாத விற்பனை 20 லட்சம் ரூபாயைத் தொட்டிருக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள இரண்டு பல்பொருள் அங்காடித் தொடர்கள் இன்னும் இதே அளவு சரக்கைக் கேட்கின்றன. "இதற்கு மேல் மதுரை தாங்காது, கோவைக்கோ சென்னைக்கோ போய்விடு" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். போகத்தான் வேண்டுமா என்று கேட்கிறீர்கள். எந்த ஊர் உசத்தி என்று பட்டிமன்றம் நடத்த மதுரையில் ஆளுக்குப் பஞ்சமில்லை, அதற்கு நான் தேவையில்லை. நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு என்று எடுத்துக்கொள்கிறேன். இதே வேகத்தில் இன்னும் இரண்டு ஆண்டு போனால் இந்த ஊரில் எது முதலில் போதாமல் தட்டுப்படும், அதை இங்கே இருந்துகொண்டே ஈடுகட்ட வழி உண்டா என்பதுதான் அது.

நான் 31 ஆண்டுகள் வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்தவன். அதில் பெரும்பகுதி மதுரை, விருதுநகர், திண்டுக்கல் மாவட்டக் கிளைகளில் கழிந்தது. ஓய்வுக்குப் பிறகு சிறு தொழில் நடத்துபவர்களுக்குக் கடன் விண்ணப்பம், கணக்கு அறிக்கை தயாரிக்க உதவிக்கொண்டிருக்கிறேன். ஆகையால் எல்லாவற்றையும் பண ஜன்னல் வழியாகவே பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. மென்பொருள் நிறுவனங்கள், பங்கு கொடுத்து முதலீடு வாங்குவது போன்றவை என் பயிற்சிக்குள் வராதவை. இன்னொரு குறையும் உண்டு. கடன் கேட்டு வந்தவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். என் மேசைக்கு வருவதற்கு முன்பே கதவடைத்தவர்களின் கதை எனக்குத் தெரியாது. கீழே சொல்பவற்றை இந்தக் குறைகளை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

வேகமாக வளரும் நிறுவனம் என்பதற்குப் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு ஒரு வரையறை வைத்திருக்கிறது. தொடக்கத்தில் குறைந்தது 10 பேராவது வேலை செய்ய வேண்டும், அடுத்த மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்குச் சராசரியாக 20 விழுக்காட்டுக்கு மேல் வளர வேண்டும். அந்தக் கணக்குப்படி உங்கள் 11 பேர் 19 பேரைத் தாண்டியிருந்தாலே போதும், நீங்கள் 34-இல் நிற்கிறீர்கள். இத்தகைய நிறுவனங்களைப் பற்றி உலகம் முழுக்க நடந்த ஆய்வுகள் சில செய்திகளில் ஏறக்குறைய ஒரே குரலில் பேசுகின்றன. எண்ணிக்கையில் இவை மிகக் குறைவு, ஆனால் புதிய வேலைகளில் பெரும்பங்கு இவற்றிலிருந்தே வருகிறது. இவை கணினித் துறையில் மட்டும் இருப்பதில்லை, மாவு மில்லிலும் இருக்கும், லாரி செட்டிலும் இருக்கும். மூன்றாவது செய்தி உங்களுக்குக் கசக்கலாம்: இந்த வேகம் பெரும்பாலும் நீடிப்பதில்லை. மூன்று ஆண்டு பாய்ந்த நிறுவனம் அடுத்த மூன்று ஆண்டும் பாயும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடிந்ததில்லை. இவ்வளவும் உறுதி. ஓர் ஊரோ அரசோ இவற்றை வளர்த்துவிட முடியுமா என்பதில்தான் அறிஞர்களிடையே சண்டை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மதுரையால் தாங்க முடியுமா என்பதற்கு இந்த ஊரின் பழைய கணக்கைப் புரட்டினாலே பாதி விடை கிடைக்கும். 1911-இல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனத்தின் தாய்வீடு மதுரைதான். மேலவெளி வீதியில் அந்தக் கட்டடத்தைப் பார்க்காமல் ரயில் நிலையத்துக்குப் போக முடியாது. ஆனால் 1960-களில் அந்தக் குடும்பம் சக்கரம், பிரேக், திருகாணி என்று உற்பத்தியில் இறங்கியபோது தொழிற்சாலைகள் எழுந்த இடம் சென்னைப் பாடி. பிறகு மொபெட் செய்தபோது ஓசூர். ஊர் மேல் கோபித்துக்கொண்டு யாரும் போகவில்லை. அவற்றை வாங்கப்போகிற லாரி, கார், டிராக்டர் தொழிற்சாலைகள் சென்னையில் இருந்தன, பாகம் செய்பவன் வண்டி செய்பவனின் வாசலில் இருந்தால்தான் பிழைப்பு. அதே குடும்பம் 1980-களில் டயர் செய்ய வந்தபோது மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியைத் தேர்ந்தெடுத்தது. அதற்கும் முன்பு, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹார்வி சகோதரர்கள் மதுரையில் நூற்பாலை வைத்தார்கள் என்றால், கரிசல் பருத்தி பக்கத்தில் விளைந்தது, 1875-இல் ரயிலும் வந்துவிட்டிருந்தது. ஆக, சரக்கு எடுக்கும் இடம் முக்கியமான தொழில் இங்கே நின்றது. வாங்குபவன் வாசல் முக்கியமான தொழில் கிளம்பிப் போனது. உங்கள் தொழில் முதல் வகை. பேரையூர், தே.கல்லுப்பட்டி மானாவாரிக் காடுகளில் விளையும் குதிரைவாலியைக் கோவைக்கு லாரியில் ஏற்றிச் சென்று அரைப்பதில் எனக்கு எந்தப் புத்திசாலித்தனமும் தெரியவில்லை.

கோவையை நான் குறைத்துப் பேசவில்லை. ஒரு பம்பு செய்ய வேண்டுமென்றால் வார்ப்பு, கடைசல், கம்பி சுற்றுதல், சோதனை என எல்லா வேலைக்கும் அங்கே தனித்தனிப் பட்டறை உண்டு. ஒருவன் ஆர்டரை வாங்கிப் பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுத்து, தான் இயந்திரம் வாங்காமலேயே இரட்டிப்பாக வளரலாம். வேகமாக வளர்பவனுக்கு ஒரு வட்டாரம் தரக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான்: சொந்தக் கொள்ளளவு தீர்ந்த இடத்தில் பக்கத்து வீட்டுக் கொள்ளளவைக் கூலிக்கு எடுப்பது. மதுரையில் அந்த அடர்த்தி ரப்பர் பாகங்களில் ஓரளவு உண்டு, ஆயத்த ஆடையில் உண்டு, எழுபது கிலோமீட்டர் தள்ளிச் சிவகாசியில் அச்சுக்கும் அட்டைப் பெட்டிக்கும் நிறையவே உண்டு. உங்கள் உறை, பெட்டி, சுவரொட்டி எல்லாம் அங்கே எவ்வளவு வேகத்தில் நடக்கும் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தானியம் உமி நீக்கும் இயந்திரம் பழுதானால் மட்டும் கோவைக்காரரை அழைக்க வேண்டும். அதற்கு ஐந்து மணி நேரப் பயணம். ஓர் உதிரி பாகப் பெட்டியும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமும் போதும், ஊரை மாற்ற வேண்டியதில்லை.

இனி பணம். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் என் அனுபவத்தில் வேகமாக வளர்ந்து படுத்த நிறுவனங்களில் பெரும்பாலானவை விற்பனை இல்லாமல் படுத்தவை அல்ல. விற்பனை கூடியதால் படுத்தவை. உங்கள் எண்களையே வைத்துக் கணக்குப் போடுவோம். மாத விற்பனை 20 லட்சம். எல்லாச் செலவும் சேர்த்து 18 லட்சம், மிச்சம் 2 லட்சம் என்று வைத்துக்கொள்கிறேன் (லாபத்தை நீங்கள் எழுதவில்லை, எழுதாததும் நல்லதுதான்). தானியம் வாங்கி, அரைத்து, உறையிட்டு அனுப்ப ஒரு மாதம். அங்காடிக்காரர் பணம் தர 75 நாள் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். தானிய மண்டியில் உங்களுக்குக் கிடைக்கும் தவணை 15 நாள். ஆகக் கையை விட்டுப் போன ரூபாய் திரும்பி வர ஏறத்தாழ 90 நாள். மூன்று மாதச் செலவான 54 லட்சம் எப்போதும் வெளியில் கிடக்கிறது. விற்பனை இரட்டித்தால் வெளியில் கிடக்க வேண்டியது 1 கோடியே 8 லட்சம். கூடுதலாக 54 லட்சம் வேண்டும். உங்கள் ஓராண்டு லாபம் முழுவதையும், வீட்டுக்கு ஒரு பைசா எடுக்காமல் உள்ளே போட்டாலும் 24 லட்சம்தான். மீதி 30 லட்சத்துக்கு யாரிடம் போவீர்கள்?

வங்கியிடம் போகலாம், விதிப்படி வங்கி தரவும் வேண்டும். சிறு தொழில்களின் நடைமுறை மூலதனத்துக்கு, அதாவது அன்றாடம் சுழல வேண்டிய பணத்துக்கு, ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழு வகுத்த சூத்திரம் ஒன்று 1990-களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 25 விழுக்காடு நடைமுறை மூலதனமாகத் தேவை என்று கொண்டு, அதில் 20 பங்கை வங்கியும் 5 பங்கை உரிமையாளரும் போட வேண்டும். உங்கள் எதிர்பார்ப்பு ஆண்டுக்கு 4 கோடியே 80 லட்சம் என்றால் வங்கியின் பங்கு 96 லட்சம், உங்களுடையது 24 லட்சம். மேலே நாம் போட்ட தேவைக்கு இது தாராளமாகவே போதும். அப்படியானால் சிக்கல் எங்கே? ‘எதிர்பார்க்கும்’ என்ற ஒற்றைச் சொல்லில். கிளை மேலாளருக்கு உங்கள் எதிர்பார்ப்பின் மீது நம்பிக்கை வராது. அவர் கையில் இருப்பது போன ஆண்டின் ஜி.எஸ்.டி. கணக்கு. அதில் 2 கோடியே 40 லட்சம். அதற்கு 20 விழுக்காடு 48 லட்சம். பேனா அங்கேயே நின்றுவிடும். ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வளர்பவனுக்குப் போன ஆண்டுக் கணக்கும் இந்த ஆண்டுக் கணக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், அவனுக்கு இந்தச் சூத்திரம் கச்சிதம். இரட்டிப்பாக வளர்பவனுக்கோ எப்போதும் பாதிப் பணம்தான் கிடைக்கும்.

இதை ஊர்ப் பழியாகச் சொல்லவில்லை, என் பழியும் இதில் உண்டு. 1998-இல் கே.புதூர் தொழிற்பேட்டையில் ரப்பர் பாகங்கள் செய்த ஒருவர் கையெழுத்தான கொள்முதல் ஆணைகளோடு வந்தார். விற்பனை அந்த ஆண்டே ஒன்றரை மடங்கு ஆகும் என்பது காகிதத்திலேயே இருந்தது. "முந்தைய ஆண்டு விற்பனையின் அடிப்படையில் இப்போதைய வரம்பே போதுமானது" என்று கோப்பில் குறிப்பு எழுதியவன் நான்தான். மண்டல அலுவலகம் நான்கு மாதம் கழித்து அதை அப்படியே ஒப்புக்கொண்டது. அவர் அந்த நான்கு மாதமும் மூன்று வட்டிக்கு வெளியில் வாங்கி ஓட்டியிருக்கிறார். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்பது கேட்க லேசாக இருக்கும். உங்கள் கணக்கில் வைத்துப் பாருங்கள்: 18 லட்சம் செலவை மூன்று வட்டிக்கு வாங்கி 90 நாள் சுற்றவிட்டால் வட்டி மட்டும் 1 லட்சத்து 62 ஆயிரம். 2 லட்சம் லாபத்தில் மிஞ்சுவது 38 ஆயிரம், அதுவும் ஒரு பில் தாமதமானால் போயிற்று. அந்த மனிதர் தப்பித்தார், ஆனால் புதூரிலிருந்த இடத்தை விற்றுத்தான் தப்பித்தார்.

மதுரையில் பணம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கீழமாசி வீதியிலும் தெற்கு ஆவணி மூல வீதியிலும் ஒரு நாளில் கை மாறும் பணத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்த வட்டாரத்துக்கு நிதி அமைப்புகளைத் தானே கட்டிக்கொண்ட வரலாறும் உண்டு. வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒதுக்கிய மகமையில் பள்ளிகள் எழுந்தன. 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தோன்றியது, அதுதான் இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. மதுரையில் 1943-இல் கருமுத்து தியாகராஜன் செட்டியார் தொடங்கிய பாங்க் ஆஃப் மதுரா 2001-இல் ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்தது. ஆனால் இந்த ஊர்ப் பணம் மூன்றை மட்டும் அறியும்: நிலம், நகை, பெயர். தாத்தா பெயர் சொன்னால் கைமாற்று கிடைக்கும், பத்திரம் வைத்தால் கடன் கிடைக்கும். ஆர்டர் காகிதம் ஒரு சொத்து என்று அது இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. வேகமாக வளர்பவரிடமோ அந்தக் காகிதம் மட்டும்தான் இருக்கும். மதுரைச் சூழலில் உங்களுக்கு முதலில் தட்டுப்படப்போவது இதுதான் என்பது என் கணிப்பு.

இதற்கு ஊர் மாறுவது மருந்தில்லை. கோவையிலும் அதே வங்கியின் கிளைதான், அதே சூத்திரம்தான். இங்கிருந்தபடியே செய்யக்கூடியவை மூன்று உண்டு. சொத்து ஈடு இல்லாமல் கடன் தருவதற்கு மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதியம் 2000-இலிருந்து இருக்கிறது. உத்தரவாத உச்சவரம்பை 2023-இல் 5 கோடியாகவும் 2025 ஏப்ரலில் 10 கோடியாகவும் உயர்த்திவிட்டார்கள். மேலாளர் அதைத் தானாகச் சொல்லமாட்டார், வீட்டுப் பத்திரம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார். நீங்கள்தான் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இரண்டாவது, டிரெட்ஸ் எனப்படும் மின்னணுத் தளம். ஆண்டு விற்பனை 250 கோடிக்கு மேலுள்ள நிறுவனங்கள் அதில் பதிவு செய்தே ஆக வேண்டும். உங்கள் இரண்டு அங்காடித் தொடர்களும் அந்த அளவுள்ளவையாகவே இருக்கக்கூடும். நீங்கள் பில்லை ஏற்றி, அவர்கள் ஒப்புக்கொண்டால், ஏதாவதொரு வங்கி வட்டியைக் கழித்துக்கொண்டு சில நாட்களில் பணத்தை அனுப்பிவிடும். வட்டி உங்கள் தகுதியைப் பார்த்து அமைவதில்லை, வாங்குபவரின் தகுதியைப் பார்த்து அமையும். அதனால் குறைவாக இருக்கும். 75 நாள் 10 நாளாகச் சுருங்கினால் மேலே போட்ட 90 நாள் 25 ஆகிவிடுகிறது. இருபது லட்சத்துக்குத் தவித்தவருக்கு நாற்பது லட்சம் விற்பனை கூடப் பெரிதாகத் தெரியாது. பெரிய வாங்குபவரை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் இதில் கடினம், ஒவ்வொரு முறையும் கொள்முதல் அதிகாரியிடம் கெஞ்ச வேண்டியிருக்கும்.

மூன்றாவது, சட்டம். சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதன்படி வழக்குப் போட்டவர்கள் குறைவு, ஏனென்றால் வழக்குப் போட்டவருக்கு அடுத்த ஆர்டர் வராது. இப்போது வருமான வரிச் சட்டத்தில் ஓர் ஆணி அடித்திருக்கிறார்கள். குறு, சிறு உற்பத்தியாளருக்குத் தர வேண்டிய தொகையை 45 நாளுக்குள் தராமல் வைத்திருந்தால், அதைத் தரும் ஆண்டு வரை அந்தச் செலவை வாங்குபவர் தன் கணக்கில் கழிக்க முடியாது. நீங்கள் கேட்க வேண்டியதில்லை, அவருடைய தணிக்கையாளரே கேட்பார். மார்ச் மாதத்தில் இது நன்றாக வேலை செய்வதை இரண்டு, மூன்று வாடிக்கையாளர்களிடம் பார்த்தேன். மற்ற பதினொரு மாதங்களிலும் வேலை செய்கிறது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

பணத்துக்கு அடுத்துத் தட்டுப்படுவது ஆள். வேலையாள் என்று சொல்லவில்லை. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துப் பெண்கள் வேலை கற்றுக்கொள்ளும் வேகத்துக்கு எந்த ஊரும் ஈடில்லை. தியாகராஜர் பொறியியல் கல்லூரி 1957-இலிருந்து இருக்கிறது, புதிதாகப் படித்து வருபவர்களுக்கும் குறைவில்லை. கிடைக்காதவர் இரண்டாம் நிலை ஆள்: பத்து ஆண்டு உற்பத்தியைப் பார்த்த மேலாளர், அங்காடித் தொடரோடு விலை பேசிப் பழகியவர், மாதாமாதம் ஐந்தாம் தேதிக்குள் லாப நட்டக் கணக்கை மேசையில் வைக்கிற நிதி ஆள். 11 பேர் இருக்கும்போது முதலாளியே இந்த மூன்றுமாக இருந்துவிடலாம். 34 பேரில் மூச்சு வாங்கும். 60 பேரில் ஏதாவதொன்று கைநழுவும். மதுரையில் இத்தகையவர்கள் ஏன் இல்லை என்றால், அவர்களைப் பத்தாண்டு வைத்துப் பழக்கிய நடுத்தர நிறுவனங்கள் இங்கே குறைவு. கல்லூரி முடித்தவர் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் அங்கே பழகிவிடுகிறார்.

ஆனால் அவர்களில் ஒரு பகுதியினர் திரும்பி வரத் தயாராக இருக்கிறார்கள் என்பதைச் சமீப ஆண்டுகளில் பலமுறை பார்த்துவிட்டேன். நாற்பதை நெருங்குபவர், அப்பா அம்மா இங்கே தனியாக இருப்பவர், பெங்களூரு வாடகையில் சலித்தவர். சம்பளத்தில் கால்வாசி குறைந்தாலும் வருகிறார். அவர் வராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் சம்பளமாக இருப்பதில்லை. மனைவிக்கு இங்கே ஏற்ற வேலை இல்லை என்பதோ, பிள்ளைக்கு நடுவில் பள்ளி மாற்ற முடியாது என்பதோதான். எனவே ஆளை மட்டும் பேட்டி காணாதீர்கள், குடும்பம் என்ன செய்யும் என்பதையும் பேசுங்கள். வாரம் மூன்று நாள் அங்கிருந்தபடியே வேலை என்ற ஏற்பாட்டை ஏற்றுக்கொள்ளுங்கள். 2024 ஆகஸ்டிலிருந்து மதுரைக்கும் பெங்களூருக்கும் வந்தே பாரத் ஓடுகிறது. என் வாடிக்கையாளர் ஒருவரின் நிதி மேலாளர் அதில்தான் வந்து போகிறார்.

கிடைக்காத ஆளை உருவாக்கிக்கொள்வது இன்னொரு வழி, அதற்குப் பாடம் மதுரையிலேயே இருக்கிறது. மருத்துவர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்று 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அது வளர்ந்த வேகத்துக்கு வெளியிலிருந்து பயிற்சி பெற்ற செவிலியரைத் தேடிக்கொண்டிருந்தால் முடிந்திருக்காது. கிராமத்துப் பெண்களைப் பள்ளிப் படிப்பு முடித்த கையோடு எடுத்து இரண்டு ஆண்டு தாங்களே பயிற்சி கொடுத்தார்கள். அறுவை சிகிச்சையில் மருத்துவர் செய்தே தீர வேண்டிய பகுதி தவிர மற்றெல்லாம் அவர்கள் கையில் போனது. மருத்துவரின் நேரம்தான் தட்டுப்பாடு என்று கண்டுபிடித்து அதைச் சுற்றியே அமைப்பைக் கட்டினார்கள். கண்ணுக்குள் பொருத்தும் வில்லைகள் வெளிநாட்டிலிருந்து வந்த காலத்தில், அமெரிக்காவின் சேவா அறக்கட்டளையின் உதவியோடு அந்தத் தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்து 1992-இல் ஆரோலேப் என்ற வில்லைத் தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். இன்று அது நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அனுப்புகிறது. கவனியுங்கள், அறிவை வெளியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள், ஆளையும் இடத்தையும் இங்கேயே வைத்துக்கொண்டார்கள். நீங்களும் சேமியா இயந்திரத்தை முடுக்கத் தெரிந்த பெண்களில் நான்கு பேரைத் தேர்ந்து, தரக் கட்டுப்பாட்டுக்கும் சரக்குக் கணக்குக்கும் இப்போதே பழக்கத் தொடங்கினால், அடுத்த ஆண்டு மேலாளரைத் தேடும் பதற்றம் பாதியாகும். உணவு அறிவுக்குத் தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் புதுத் தொழில்களைக் கைதூக்கிவிடும் தொழில் காப்பகம் இருக்கிறது. சேமியாவின் ஆயுளை ஆறு மாதத்திலிருந்து ஒன்பது மாதமாக்குவது பற்றி உங்களுக்கு உண்மையான பதில் கிடைக்கக்கூடிய இடங்கள் அவை, என்னைக் கேட்டுப் பயனில்லை.

சாலை, துறைமுகம், விமான நிலையம் பற்றி நீங்கள் ஒரு பத்தி எழுதியிருந்தீர்கள். விமான நிலையத்தைப் பற்றி ஊரில் எல்லோரும் பேசுகிறார்கள், மாவு மூட்டைக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. தூத்துக்குடித் துறைமுகம் நான்குவழிச் சாலையில் சுமார் 150 கிலோமீட்டர். ஏற்றுமதிக்குப் போனால் கோவைக்காரரைவிட நீங்கள் துறைமுகத்துக்கு அருகில் இருக்கிறீர்கள்.

அரசுத் திட்டங்களைப் பற்றிச் சுருக்கமாக. குறு உணவு நிறுவனங்களுக்கான பிரதமர் திட்டத்தில் திட்டச் செலவில் 35 விழுக்காடு, 10 லட்சம் வரை மானியம் தந்தார்கள். இப்போதும் நடப்பில் இருக்கிறதா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள், இருந்தால் வாங்குங்கள். புதுத் தொழில்களுக்கான மாநில அரசு அமைப்பான ஸ்டார்ட்அப் டிஎன் மதுரையில் வட்டார மையம் வைத்திருக்கிறது, அங்கே நடக்கும் கூட்டங்களில் பேச்சைவிடத் தேநீர் இடைவேளை பயனுள்ளது என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள். மதுரை மாவட்டச் சிறு தொழில் சங்கமான மடீட்சியாவும், 1924-இலிருந்து மதுரையில் இயங்கும் தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கமும் அப்படியே: உங்களைவிட ஐந்து ஆண்டு முன்னால் இதே வழியில் போனவரை அங்கே கண்டுபிடித்துவிட்டால் கட்டிய சந்தாவுக்குப் பலன் கிடைத்துவிடும். ஒன்றே ஒன்று. வரப்போகும் மானியத்தைப் பணவரவுக் கணக்கில் எழுதாதீர்கள். அது வந்தால் தீபாவளி, அதை நம்பித் தானியம் வாங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

இதுவரை சொன்னதில் பணக் கணக்கும் சட்டமும் உறுதியானவை. ஆள் பற்றிச் சொன்னது என் கண்ணுக்குப் பட்டது, நாற்பது, ஐம்பது நிறுவனங்களின் அனுபவம், அதற்கு மேல் எடை வைக்காதீர்கள். ஒரு வட்டாரத்தின் சூழலால்தான் நிறுவனம் வளர்ந்தது என்று யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள். வளர்ந்த நிறுவனங்கள் இருக்கும் ஊரைப் பார்த்துவிட்டு, அங்கே இருப்பதெல்லாம் வளர்ச்சிக்குக் காரணம் என்று எழுதுவது எளிது. அதே தொழில் காப்பகமும் தொழில் பூங்காவும் இருந்தும் எதுவும் முளைக்காத ஊர்களும் இருக்கின்றன. யார் வேகமாக வளரப்போகிறார் என்று முன்கூட்டியே தெரியாத வரை, அரசு தேர்ந்தெடுத்து வளர்ப்பது என்பது சீட்டுக் குலுக்கல்தான் என்போர் பக்கம் நான் சாய்கிறேன். பில் பணம் நேரத்துக்கு வருவது, மின்சாரம், சாலை போன்ற எல்லோருக்கும் பொதுவானவை சரியாக இருந்தாலே வேகமாக ஓடுபவருக்குப் பாதி உதவி கிடைத்த மாதிரி என்பது என் எண்ணம். இதை மறுப்பவர்களிடமும் நல்ல வாதங்கள் உண்டு.

உங்கள் கேள்விக்கு: போகாதீர்கள். உற்பத்தி திருமங்கலத்திலேயே இருக்கட்டும். விற்பனைக்கு ஒருவரைச் சென்னையில் வையுங்கள், அலுவலகம் எடுக்க வேண்டாம். இரண்டு அங்காடித் தொடர்களின் கூடுதல் ஆர்டரையும் ஒரே மாதத்தில் ஒப்புக்கொள்ளாமல், டிரெட்ஸுக்குச் சம்மதிப்பவரை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள், மற்றவரிடம் மூன்று மாதம் அவகாசம் கேளுங்கள். கேட்டால் ஆர்டர் போய்விடும் என்று பயப்படுவீர்கள். சில நேரம் போகும். 75 நாள் தவணையில் இரட்டிப்புச் சரக்கைக் கொடுத்துவிட்டு மூன்று வட்டிக்கு அலைவதைவிட அது மேல்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவுச் சான்றை எடுத்து, உற்பத்தி என்று பதிந்திருக்கிறதா, வணிகம் என்று பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். கணினி மையத்தில் அவசரமாகப் பதிந்த பலருக்கு வணிகம் என்றே இருக்கிறது, அப்படியிருந்தால் 45 நாள் பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது. திருத்திவிட்டு, அந்த எண்ணை ஒவ்வொரு பில்லின் தலையிலும் அச்சிடுங்கள். பிறகு கிளைக்குப் போங்கள். கோப்பின் மேல் பக்கத்தில் போன ஆண்டுக் கணக்கை வைக்காமல், கையெழுத்தான கொள்முதல் ஆணைகளையும் கடந்த ஆறு மாத ஜி.எஸ்.டி. விற்பனையையும் மாதவாரியாக வையுங்கள். நாயக் சூத்திரம், கடன் உத்தரவாதம் இரண்டையும் விண்ணப்பக் கடிதத்திலேயே பெயர் சொல்லி எழுதுங்கள். எழுத்தில் இருந்தால் எழுத்தில்தான் மறுக்க வேண்டும். மாதக் கடைசி வாரத்தில் மட்டும் போகாதீர்கள். மேலிடத்துக்கு எண்ணிக்கை அனுப்பவே அந்த மனிதருக்கு அப்போது நேரம் போதாது.